பதக்க விளிம்புல இருந்த ஒரு எழுத்து: டர்பன் குடும்பம் ஒண்ணோட வேர் தேடின கதை

கேஸ் என்னன்னு முதல்ல சொல்லிடுறேன். தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல சாட்ஸ்வர்த்துல எங்களுக்குப் பழக்கமான ஒரு குடும்பம், வீட்ல பெரியவங்க ஆயா, எண்பத்தஞ்சு தாண்டிட்டாங்க, அவங்க பொண்ணு ரிட்டயர்டு டீச்சர், நான் அக்கான்னு கூப்பிடுறவங்க. அவங்க வீட்ல மூணு தலைமுறையா ஒரு கதை ஓடிக்கிட்டு இருக்கு: ஆயாவோட தாத்தா போயர் சண்டையில (1899ல தென்னாப்பிரிக்காவுல பிரிட்டிஷ்காரங்களுக்கும் டச்சு வம்சாவளி போயர்களுக்கும் ஆரம்பிச்ச சண்டை) காந்தி கூட ஸ்ட்ரெச்சர் தூக்கினாரு, ஸ்பியன் கோப் மலையில அடிபட்ட வெள்ளைக்கார சிப்பாய்ங்களைச் சுமந்துக்கிட்டு வந்தாரு, அதுக்காக ராணி பதக்கம் குடுத்தாங்க. சாட்சிக்குப் பதக்கமே இருக்கு, பழைய பிஸ்கட் டப்பாவுல, துணியில சுத்தி. அக்காவோட பேரன் ஸ்கூல்ல குடும்ப வரலாறு எழுதணும்னு வந்ததும் இதை ஆதாரத்தோட எழுதிடலாம்னு என்னையும் இழுத்துவிட்டாங்க.

பேரெல்லாம் மாத்தியிருக்கேன். தாத்தாவை முனுசாமின்னு வச்சுக்குவோம். நேட்டால்ல, அதாவது டர்பன் இருக்கிற மாகாணத்துல, தடுக்கி விழுந்தா ஒரு முனுசாமி மேலதான் விழணும், அதனால யாரையும் குறிக்காது. அந்தப் பொதுவான பேருதான் இந்தக் கேஸுல முதல் தலைவலியும். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து டர்பனுக்கு வந்து சேந்ததுல இருந்து 1911ல ஆள் அனுப்புறது நிக்கிற வரைக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலியா நேட்டாலுக்கு வந்திருக்காங்க, அதுல பாதிக்கு மேல மெட்ராஸ் துறைமுகம் வழியா வந்தவங்க. இதுல எத்தனை முனுசாமி இருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அதுலயும் மூன்சாமி, முனிசாமி, மூனிசாமி, முன்சாமின்னு கிளார்க்கோட காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதி வச்சிருப்பான். பேரை வச்சு ஆன்லைன்ல தேடுறவங்க எல்லாரும் மாட்டிக்கிறது இங்கதான், முதல்ல கண்ணுல பட்ட முனுசாமியை "இவருதான் எங்க தாத்தா"ன்னு மரத்துல ஒட்டிடுவாங்க, அதை இன்னொருத்தர் காப்பி பண்ணுவாரு, ரெண்டு வருஷத்துல அது உண்மையாவே ஆயிடும். நேட்டால்ல பேரைத் தேடக்கூடாது, நம்பரைத் தேடணும். ஆனா நம்பர் வீட்ல யாருக்கும் தெரியாது, அதுக்குப் போற வழி எங்கயாவது வேற இடத்துல இருந்து வரணும். இந்தக் கேஸுல அது பதக்கத்துல இருந்து வந்துச்சு.

பதக்கம்

டப்பாவுல இருந்தது வெள்ளிப் பதக்கம். போயர் சண்டைக்குக் குடுத்த பதக்கத்துல ஒரு பக்கம் விக்டோரியா ராணி தலை இருக்கும், இன்னொரு பக்கம் பிரிட்டானியா நிக்கும், மேல எந்தச் சண்டைன்னு போட்ட பட்டைங்க இருக்கும். இதுல ராணியும் இல்ல பிரிட்டானியாவும் இல்ல. ஒரு பக்கம் ஆப்பிரிக்கா கண்டத்தோட வரைபடம், சுத்தி ஆங்கிலத்துலயும் ஆப்பிரிக்கான்ஸ்லயும் எழுத்து, இன்னொரு பக்கம் ஒரு ஸ்பிரிங்பாக் மான் துள்ளிக்கிட்டு இருக்கு. ரிப்பன் நஞ்சு நூலாத்தான் இருந்துச்சு ஆனா நடுவுல ஆரஞ்சு கலர் நல்லாவே தெரிஞ்சுது. இது ஆப்பிரிக்கா சர்வீஸ் மெடல், ரெண்டாம் உலகப் போருக்கு தென்னாப்பிரிக்க அரசாங்கம் தன்னோட ஆளுங்களுக்குக் குடுத்தது. அதாவது ஸ்பியன் கோப் சண்டைக்கும் இதுக்கும் நடுவுல நாப்பது வருஷ இடைவெளி.

நான் இதைச் சொன்னதும் ஆயாவுக்குக் கோவம் வந்துடுச்சு. "அது தாத்தாவுதுதான் தம்பி, அதுல முனுசாமின்னு எழுதியிருக்கு, எங்க அப்பாவே படிச்சுக் காட்டியிருக்காரு"ன்னாங்க. ஆயா சொன்னதுல தப்பே இல்ல, எழுதித்தான் இருந்துச்சு. பிரிட்டன்ல ரெண்டாம் உலகப் போர் பதக்கங்கள்ல பேரு போடாமத்தான் குடுத்தாங்க, ஆனா தென்னாப்பிரிக்காவுல குடுத்ததுல சர்வீஸ் நம்பரும் பேரும் அச்சடிச்சிருப்பாங்க, வட்டமான பதக்கம்னா விளிம்புல, நட்சத்திரம்னா பின்பக்கம். இந்த மாதிரி வேற குடும்பத்துல பதக்கம் வச்சிருக்கீங்கன்னா முதல் வேலையா அதைத்தான் பாக்கணும். இங்க என்ன சிக்கல்னா, ஒவ்வொரு தீபாவளிக்கும் குத்துவிளக்கு தேய்க்கும்போது இதையும் எடுத்து விபூதி போட்டு பளபளன்னு தேய்ச்சு வச்சிருக்காங்க, மான் மூக்கே தேஞ்சு போச்சு, விளிம்பு எழுத்து பாதி வழுவழுன்னு ஆயிடுச்சு. ரூம் லைட்டை அணைச்சுட்டு போன் டார்ச்சை படுத்த வாக்குல பிடிச்சு, பதக்கத்தை மெதுவா உருட்டி உருட்டி போட்டோ எடுத்தோம். முதல்ல ஒரு எழுத்தும் அதுக்கடுத்து நம்பரும், அப்புறம் ஜி, அப்புறம் முனுசாமி. நம்பர்ல ஒரு இலக்கம் மூணா எட்டான்னு சந்தேகம், அதை ரெண்டு விதமாவும் எழுதி வச்சுக்கிட்டோம்.

அந்த "ஜி"யை இத்தனை வருஷமா யாரும் கண்டுக்கல. முனுசாமிக்கு முன்னாடி ஏன் ஜி வரணும்? இங்கதான் நம்ம பேரு வைக்கிற வழக்கமும் இந்த ஊரு ஃபாரமும் முட்டிக்குது. நம்ம ஊர்ல முனுசாமி பையன் கோவிந்தன்னா மு. கோவிந்தன். இங்க ஃபாரத்துல குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல அப்பா பேரைப் போட்டுடுவான், பையன் கோவிந்தன் முனுசாமி ஆயிடுவாரு, சுருக்கினா ஜி. முனுசாமி. பதக்கத்துல இருந்தது தாத்தா பேருதான், ஆனா அதைப் போட்டுக்கிட்டது அவரோட பையன். இதுல இன்னொரு கூத்து, ஆயாவோட அப்பா அதே முனுசாமிக்குப் பெரிய பையன், ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியார் என்ன கேட்டாரோ இவங்க என்ன சொன்னாங்களோ, அவருக்கு "பிள்ளை"ன்னு விழுந்துடுச்சு. ஒரே வயித்துல பொறந்த அண்ணன் தம்பி, ரெண்டு குடும்பப் பேரு. அக்கா முன்னாடி ஆன்லைன்ல தேடினதெல்லாம் பிள்ளைன்னு போட்டுத்தான், அதுல கோவிந்தன் எப்படிச் சிக்குவாரு.

கோவிந்தன்னு பேரைச் சொன்னதும் ஆயா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கோவிந்து சித்தப்பா லாரி ஓட்டுவாரு. அவரைப் பத்தி இந்த வீட்ல பேசக் கூடாதும்பாங்க"ன்னாங்க. அவ்ளோதான்.

பிரிட்டோரியாவுல இருந்து வந்த கார்டு

தென்னாப்பிரிக்க ராணுவத்துல இருந்தவங்களோட பழைய பதிவெல்லாம் பிரிட்டோரியா பக்கத்துல ராணுவத்தோட சொந்த ஆவணக் காப்பகத்துல இருக்கு, தேசிய காப்பகத்துல தேடினா கிடைக்காது, இதை நிறைய பேர் மாத்திப் புரிஞ்சுக்கிறாங்க. முழுப்பேரு, பொறந்த தேதி, சர்வீஸ் நம்பர், இந்த மூணுல எது இருக்கோ அதை எழுதி அனுப்பணும். பேரு மட்டும் அனுப்பினா "எந்த முனுசாமி?"ன்னு திரும்பி வரும், நம்பர் இருந்தா நேரா கார்டுக்குப் போயிடுவாங்க. நாங்க சந்தேகமான ரெண்டு நம்பரையும் பதக்க விளிம்பு போட்டோவையும் சேத்து அனுப்பினோம். அதுக்கு நடுவுல காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல தேடிப் பாத்தாச்சு, அது ஃப்ரீ, சண்டையில செத்தவங்க பேரெல்லாம் யூனிட்டோட இருக்கும், தென்னாப்பிரிக்க ராணுவத்துல இந்தியர்களுக்கும் மலாய்க்காரங்களுக்கும்னு இருந்த இந்தியன் அண்ட் மலாய் கோர்ப்ஸ்ல இருந்து செத்தவங்களும் அதுல இருக்காங்க. இவரு இல்ல. அப்போ உயிரோட திரும்பியிருக்காருன்னு ஒரு முடிவு.

அந்த இந்தியன் அண்ட் மலாய் கோர்ப்ஸ் பத்தி ஒரு வார்த்தை. 1940ல ஆரம்பிச்சது, பின்னாடி கலப்பினத்தவங்களுக்குன்னு இருந்த கேப் கோர்ப்ஸோட சேத்துட்டாங்க. நிறம் பாத்து நடத்துன அரசாங்கம், அதனால இந்தியர்களைச் சண்டை போடுற ஆளா சேக்கல, டிரைவர், சமையல், ஸ்ட்ரெச்சர் தூக்குறது, ஆஸ்பத்திரி வேலைன்னுதான். பாலைவனத்துல குண்டு விழும்போது லாரி ஓட்டுறவன் மேல விழாதுன்னு எவன் சொன்னான்னு தெரியல.

கார்டு ஸ்கேனா வந்துச்சு, முன்பக்கமும் பின்பக்கமும். இதை நான் கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா குடும்ப வரலாறு தேடுறவங்களுக்கு இந்த மாதிரி ஒரு அட்டை பத்து மேரேஜ் சர்ட்டிஃபிகேட்டுக்குச் சமம். மேல நம்பர், அதுல எங்க சந்தேகம் தீந்துச்சு, எட்டுதான். பொறந்த தேதி, பொறந்த இடம்னு வெருலம் (டர்பனுக்கு வடக்க இருக்கிற ஊரு), மதம் இந்து, தொழில் மோட்டார் டிரைவர். அடுத்து எங்கெங்க போனாருங்கற பட்டியல், எல்லாம் சுருக்கெழுத்து, தேதியும் ரப்பர் ஸ்டாம்பும்: டர்பன்ல கப்பல் ஏறினது, எகிப்து, நடுவுல ஒரு தடவை ஆஸ்பத்திரி, மறுபடி யூனிட். கீழ பதக்கத் தகுதி நாலு: 1939–45 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், வார் மெடல், ஆப்பிரிக்கா சர்வீஸ் மெடல். ஆப்பிரிக்கா ஸ்டார்னா 1940 ஜூன்ல இருந்து 1943 மே மாசத்துக்குள்ள வட ஆப்பிரிக்கா பக்கம் இருந்தாதான் கிடைக்கும், அது பயணப் பட்டியலோட ஒத்துப் போகுது. டப்பாவுல நாலுல ஒண்ணுதான் இருக்கு.

ஆனா கார்டுல எல்லாரையும் நிறுத்துனது அதெல்லாம் இல்ல, நெருங்கிய உறவுன்னு இருந்த கட்டம். அதுல டைப் அடிச்சு "தாய்"ன்னு போட்டு ஒரு பேரும் வெருலம் பக்கத்து எஸ்டேட் விலாசமும். அதை சிவப்பு இங்க்ல ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு மேல கையெழுத்துல "மனைவி"ன்னு எழுதி ஒரு முஸ்லிம் பொண்ணு பேரு, விலாசம் கேப் டவுன், டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். அக்கா ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கேப் மலாய்க்காரங்க (கேப் டவுன் பக்கத்து முஸ்லிம்கள்) கூட ஒரே யூனிட்ல இருந்திருக்காரு, எவனோ கூட்டாளியோட தங்கச்சியா இருக்கலாம், அது எங்க ஊகம்தான், கார்டு சொல்றது சிவப்புக் கோடு மட்டும். ஏன் பேசக் கூடாதுன்னு ஆயாவுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் அதுக்கப்புறம் இல்ல. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை 1966ல வெள்ளைக்காரங்க ஏரியான்னு அறிவிச்சு அங்க இருந்தவங்களை எல்லாம் ஊருக்கு வெளிய கேப் ஃப்ளாட்ஸுக்கு விரட்டிட்டாங்க, அதனால அந்தக் கிளையைத் தேடுறது தனி வேலை, இன்னும் முடியல.

எங்களுக்கு அப்போ தேவைப்பட்டது அடிச்ச வரி. தாயோட பேரு கிடைச்சாச்சு, பொறந்த இடமும் வருஷமும் கிடைச்சாச்சு.

நம்பர்

இது கோவிந்தன், முனுசாமி பையன்தான்னு உறுதி பண்ணாம மேல போகக் கூடாது. முனுசாமி கடைசி காலத்துல சொந்தமா ஒரு சின்ன காய்கறித் தோட்ட நிலம் வாங்கியிருக்காருன்னு ஆயாவுக்குத் தெரியும். நிலம் இருந்தா செத்தப்புறம் எஸ்டேட் ஃபைல் (செத்தவரோட சொத்துக் கோப்பு) இருக்கும், ஃபைல் இருந்தா அதுல மரண அறிவிப்புன்னு ஒரு ஃபாரம் இருக்கும், அதுல பொண்டாட்டி பேரு, பிள்ளைங்க பேரு, யாரு மேஜர் யாரு மைனர்னு எல்லாம் வரிசையா போட்டிருக்கும். ஃபேமிலிசர்ச் வெப்சைட்ல பீட்டர்மாரிட்ஸ்பர்க் எஸ்டேட் ஃபைல்ஸ்னு 1846ல இருந்து 1950 வரைக்கும் உள்ளதை ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க, அக்கவுண்ட் திறந்தா போதும், காசு இல்ல. அதுல முனுசாமி, மனைவி பேரு கார்டுல இருந்த அதே பேரு, பிள்ளைங்கள்ல மூத்தவரு பிள்ளைன்னு, அடுத்தடுத்து பொண்ணுங்க, கடைசியில கோவிந்தன், மைனர். பொறந்த இடம்னு இருந்த கட்டத்துல "இந்தியா". அவ்ளோ பெரிய நாட்டை ஒரே வார்த்தையில முடிச்சுட்டான். அப்பா அம்மா பேரு தெரியாதுன்னு போட்டிருக்கு. நிலம் வாங்காத குடும்பங்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைச்சுதான் இருக்கும், அதையும் சொல்லிடணும்.

அடுத்து கோவிந்தனோட பிறப்புப் பதிவு. ஒப்பந்தத்துல வந்தவங்களோட பிள்ளைங்க பிறப்பும் கல்யாணமும் இந்தியக் குடியேறிகளோட புரொடெக்டர்னு ஒரு அதிகாரி இருந்தாரே, அவரு ஆபீஸ் வழியா பதிவாகும். அந்தப் பதிவோட அருமை என்னன்னா அப்பா பேருக்குப் பக்கத்துல அப்பாவோட நம்பர், அம்மா பேருக்குப் பக்கத்துல அம்மாவோட நம்பர் இருக்கும். காலனி நம்பர்னு சொல்வாங்க, கப்பல்ல வந்து இறங்கின ஒவ்வொருத்தருக்கும், கைக்குழந்தைக்கும் கூட, ஒண்ணு. அதுக்கப்புறம் சம்பளம், பாஸ், ஆஸ்பத்திரி, ஜெயில், கல்யாணம், சாவு எல்லாம் அந்த நம்பர்லதான். மனுஷனை நம்பராக்கினது கொடுமை, அதுல ரெண்டாவது பேச்சு கிடையாது, ஆனா நூறு வருஷம் கழிச்சு அவனைக் கண்டுபிடிக்க அதே நம்பர்தான் கை குடுக்குது. இந்தப் பதிவை வாங்குறதுல ஒரு ஆபீஸ்ல எங்களை நல்லாவே இழுத்தடிச்சாங்க, வருஷம் தப்புன்னு சொல்லித் திருப்பினாங்க, ராணுவ கார்டுல இருக்கிற பிறந்த வருஷம் பதிவுல இருக்கிறதோட ஒத்து வராதது சகஜம்தான், முன்னாடி பின்னாடி ரெண்டு மூணு வருஷம் சேத்துத் தேடச் சொன்னப்புறம் கிடைச்சுது. ரெண்டு நம்பரும் கையில.

கப்பல் பட்டியல் மூலப்பிரதி டர்பன் ஆவணக் காப்பகத்துல இருக்கு, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தோட காந்தி-லுதுலி ஆவண மையம் அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி ஆன்லைன்லயும் போட்டிருக்காங்க. ஆன்லைன்ல நம்பரைப் போட்டுப் பிடிச்சுக்கலாம், ஆனா பிடிச்சப்புறம் மூலத்தைப் போய்ப் பாருங்க, ஏத்துனவங்க கையெழுத்து புரியாம விட்ட எழுத்தெல்லாம் அதுல இருக்கும். வரி ஒண்ணுதான், ஆனா ஒரு வரியில ஒரு ஆளு முழுசா இருப்பாரு: நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல தழும்பு மச்சம், எந்த முதலாளிகிட்ட அனுப்பினாங்க. முனுசாமி 1897, மெட்ராஸ்ல இருந்து, வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா, இடது முழங்கால்ல தழும்பு. கிராமம் "பூத்தூப்போலியம்" மாதிரி ஏதோ எழுதியிருந்தான். நான் அந்தப் பக்கத்து ஆளுங்கறதால சத்தமா ரெண்டு தடவை படிச்சதுமே புதுப்பாளையம்னு பட்டுச்சு. ஆனா புதுப்பாளையம் ஒண்ணா ரெண்டா, அதுவும் வட ஆற்காடு 1989ல ரெண்டா பிரிஞ்சு போளூர் இப்போ திருவண்ணாமலை மாவட்டத்துல இருக்கு, அதனால பழைய தாலுகா எல்லையை வச்சுத்தான் எந்த ஊருன்னு பாக்கணும், இன்னைக்கு மேப்பை வச்சுப் பாத்தா வழி தப்பும். டீல நனைச்ச பிஸ்கட் மாதிரி நம்ம ஊரு பேருங்க அந்த கிளார்க் பேனாவுல ஊறி உதுந்து போயிருக்கு.

சாதிக் கட்டத்துல "மலபார்"னு போட்டிருந்துச்சு. அக்காவுக்கு ஒரே குழப்பம், "அப்போ நாங்க மலையாளிங்களா தம்பி?"ன்னு. இல்லக்கா, அந்தக் காலத்துல மெட்ராஸ் பக்கத்து வெள்ளைக்காரன் தமிழனை மலபார்னும் தெலுங்கனை ஜெண்டூன்னும் எழுதுறது வழக்கம், பட்டியல் பூரா அப்படித்தான். சில இடத்துல சாதி பேரு நேராவே இருக்கும். அதைப் பாத்துட்டு முகம் மாறுன குடும்பங்களும் உண்டு, கப்பலேத்துறதுக்கு முன்னாடி ஆளுங்களைத் தங்க வச்ச டிப்போல இருந்த கிளார்க் எழுதுனது, ஆளு சொன்னதா, ஏஜெண்ட் சொல்லிக் குடுத்ததான்னு யாருக்குத் தெரியும், என்னைக் கேட்டா அந்தக் கட்டத்தை வச்சு யாரும் பெருமைப்படவும் வேணாம் ஒளிக்கவும் வேணாம்.

கோவிந்தனோட அம்மா வரிதான் எல்லாரையும் தூக்கிப் போட்டுச்சு. தாத்தாவும் பாட்டியும் ஒரே ஊரு, ஒண்ணா கப்பலேறி வந்தாங்கன்னுதான் வீட்ல நம்பிக்கிட்டு இருந்தாங்க. பாட்டி வந்தது 1905, வேற கப்பல், தஞ்சாவூர் ஜில்லா. புருஷன்னு யாரும் கூட இல்ல. அவங்க நம்பருக்கு அடுத்த நம்பர் மூணு வயசு பொண்ணு, அம்மா பேருன்னு இவங்க பேரைப் போட்டு.

1900 ஜனவரி

சரி, போயர் சண்டை என்னாச்சு. பதக்கம் பையனுதுன்னு ஆனதும் அந்தக் கதை பொய்யின்னு ஆயிடாது, அதைத் தனியா விசாரிக்கணும். காந்தி இருந்த அந்த ஸ்ட்ரெச்சர் படை, நேட்டால் இந்தியன் ஆம்புலன்ஸ் கோர்ப்ஸ்ல கிட்டத்தட்ட 1,100 பேர், அதுல சுமார் 300 பேர் சுதந்திரமா இருந்தவங்க, 800 பேர் எஸ்டேட் முதலாளிங்க அனுப்பி வச்ச ஒப்பந்தக் கூலிங்க. 1899 டிசம்பர் 15 கொலென்சோ சண்டையிலயும் 1900 ஜனவரி 24 ஸ்பியன் கோப்லயும் வேலை செஞ்சாங்க, ஒரே நாள்ல இருபது இருபத்தஞ்சு மைல் ஆளைச் சுமந்து நடந்ததா காந்தியே எழுதியிருக்காரு. பதக்கம் கிடைச்சது தலைவர்களா இருந்தவங்களுக்கு. லண்டன் தேசிய காப்பகத்துல டபிள்யூஓ 100னு போயர் சண்டை பதக்கப் பட்டியல் வரிசை இருக்கு, காசு கட்டுற வம்சாவளி வெப்சைட்டுங்கள்லயும் பாக்கலாம், அதுல அவரு பேரு இல்ல. ஆனா அந்த 800ல ஒருத்தருன்னா அதுல இருக்க வாய்ப்பும் கம்மி, அதனால இல்லாததை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. 1897ல வந்தவரு, அஞ்சு வருஷ ஒப்பந்தம், அந்தத் தேதியில எஸ்டேட்ல இருந்திருக்காரு, போயிருக்கலாம். பலபேரு இங்கயே நிறுத்திட்டு "போயிருக்கலாம்"ங்கறதை "போனாரு"ன்னு எழுதிடுவாங்க.

தென்னாப்பிரிக்க தேசிய காப்பகத்தோட ஆன்லைன் கேட்டலாக் ஒண்ணு இருக்கு, பாக்க பழைய காலத்து ஸ்கிரீன் மாதிரி இருக்கும், பயந்துடாதீங்க. அதுல புரொடெக்டர் ஆபீஸ் கோப்பெல்லாம் ஐஐ-ன்னு ஒரு குறியீட்டுல பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்து கணக்குல வரும். கோப்போட விவரிப்புல சில சமயம் அந்த ஆளோட நம்பரையே போட்டிருப்பாங்க. பேரைப் போட்டா மலை மாதிரி குவியும், நம்பரைப் போட்டோம், ஒரே ஒரு கோப்பு விழுந்துச்சு, வருஷம் 1900.

கோப்பு மெல்லிசு. முதல் தாள் புரொடெக்டர் ஆபீஸ்ல மொழிபெயர்ப்பாளரை வச்சு எழுதி வாங்கின வாக்குமூலம், தேதி ஜனவரி மூணாவது வாரம். முனுசாமி சொல்றாரு: எனக்கு உடம்பு முடியாம வேலைக்குப் போகல, போகாத நாளுக்கு ரெண்டு மடங்கா சம்பளத்தை வெட்டிட்டாங்க, சர்தார் (கங்காணி) அடிச்சாரு, அதனால புகார் சொல்ல நடந்தே டர்பனுக்கு வந்தேன். அந்தக் காலத்துல முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும், மூணாவது வருஷத்துல இருந்தவரு, பன்னெண்டு ஷில்லிங்ல இருந்துதான் அந்த வெட்டு. வெருலத்துல இருந்து டர்பன் இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல. 1891ஆம் வருஷச் சட்டப்படி பாஸ் (முதலாளி குடுக்கிற அனுமதிச் சீட்டு) இல்லாம எஸ்டேட்டை விட்டு ஒரு மைல் தள்ளி நின்னாலே பிடிச்சு உள்ள போடலாம், புகார் சொல்ல வந்தேன்னு சொன்னாலும் தப்பிக்க முடியாது. ரெண்டாவது தாள் எஸ்டேட் மேனேஜர் பதில், இவன் சோம்பேறி, பாஸ் இல்லாம ஓடிட்டான்னு, கூடவே முந்தின மாசங்கள்ல வேலைக்கு வராத நாளோட கணக்கு. மூணாவது, மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல இருந்து ஒரு குறிப்பு, பாஸ் இல்லாம வந்ததுக்கு ஒரு வாரம் கடுங்காவல். புகார் என்னாச்சுன்னா "விசாரிக்கப்பட்டது". முடிஞ்சுது.

ஸ்பியன் கோப் நடந்த அன்னைக்கு இவரு டர்பன் ஜெயில்ல இருந்திருக்காரு.

வாக்குமூலத்துக்குக் கீழ பெரும்பாலானவங்க ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பாங்க. இவரு கையெழுத்து போட்டிருக்காரு, தமிழ்ல, கொஞ்சம் கோணலா, "ணு"வைச் சுழிச்சு, "முணுசாமி"ன்னு. நாங்க பாத்த அத்தனை தாள்லயும் அவரு பேரை அவரே எழுதினது அது ஒண்ணுதான். அக்கா அதை போட்டோ எடுத்து ஆயாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. "எங்க தாத்தா படிச்சவரா?"ன்னு மட்டும்தான் ஆயா கேட்டாங்க, ஜெயிலைப் பத்திக் கேக்கல.

கொலென்சோ மட்டும் பாக்கி. மேனேஜர் கணக்குல டிசம்பர்ல வேலைக்கு வராததுன்னு அங்கொண்ணு இங்கொண்ணு நாளுங்கதான் இருக்கு, ஆம்புலன்ஸ் வேலைக்குப் போயிருந்தா சேந்தாப்புல நாளுங்க விட்டுப் போயிருக்கணும். ஆனா முதலாளியே அனுப்பி வச்ச ஆளை "வரல"ன்னு கணக்கு எழுதியிருக்க மாட்டான்னும் வாதம் பண்ணலாம். என்னோட தீர்ப்பு, அவரு போகல. அக்காவோட மாமா பையன் ஒருத்தரு இதை இன்னும் ஒத்துக்கல, அம்பது வருஷமா குட் ஃப்ரைடே மாரியம்மன் திருவிழாவுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்ன கதையாச்சே, "ஜெயிலுக்குப் போனதை எழுதணுமா?"ன்னு கேட்டாரு. காந்தியும்தான் போனாருன்னு அக்கா சொன்னதும் பேச்சு நின்னுச்சு. என் ஊகம் என்னன்னா, கோவிந்தனோட பேரை வீட்ல எடுக்கக் கூடாதுன்னு ஆனப்புறம் பதக்கத்துக்கு ஒரு சொந்தக்காரர் தேவைப்பட்டாரு, விளிம்புல முனுசாமின்னு இருந்துச்சு, சண்டைன்னா இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சது காந்தியோட சண்டை. யாரும் வேணும்னு பொய் சொல்லல.

பேரனோட ஸ்கூல் ப்ராஜெக்ட்ல கடைசியா போனது இப்படி: பதக்கம், ரெண்டாம் உலகப் போர், கோவிந்தன், டிரைவர், ஆதாரம் விளிம்பும் கார்டும். முனுசாமி, 1897, ஆதாரம் பிறப்புப் பதிவும் கப்பல் பட்டியலும், 1900ல புகார், ஆதாரம் கோப்பு. போயர் சண்டை குடும்பக் கதைன்னு தனியா, ஆதாரம் எதிர்ப்பக்கம்னு ஒரு வரி. டிஎன்ஏ டெஸ்ட் பண்ணலாமான்னு கேட்டாங்க, இந்தக் கேள்விக்கெல்லாம் அது பதில் சொல்லாது, காசு மிச்சம்னு சொல்லிட்டேன்.

அந்த மூணு வயசு பொண்ணு இருக்காளே, அவளுக்கும் சொந்தமா ஒரு நம்பர் இருக்கு. முனுசாமியோட மரண அறிவிப்புல அவ பேரு இல்ல, அவரு பிள்ளை இல்லையே. ஆயாவும் அப்படி ஒரு அத்தை இருந்ததாவே கேள்விப்பட்டதில்ல. அந்த நம்பரை வச்சுத் தேடுனதுல கல்யாணப் பதிவு கிடைச்சிருக்கு, மாப்பிள்ளை நேட்டால் வடக்குல டண்டீ பக்கத்துல நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்தவரு, அவரு நம்பரும் அதுல இருக்கு. காந்தி நடத்துன 1913 இந்தியத் தொழிலாளர் ஸ்டிரைக் நடந்த ஏரியா அது, கைதானவங்க கோர்ட் தாளெல்லாம் இருக்கும். அக்கா இப்போ அந்த நம்பரைப் பிடிச்சுக்கிட்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மறுபடி எப்போ போறதுன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க.